22 கோடி டாலரும் ஒரு மங்குப் பாலும்

ஸ்டோரில் பால் நிறுக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அரைக்கால் சட்டை வயதில் அம்மா பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டா கம்புக்குப் பின்னாலேயே ஓடி அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். வாளி தராசில் ஏறும். தோட்டக் கணக்கரான கிராணி எடையைச் சொல்வார். பிறகு கொஞ்சம் பாலை மொண்டு, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விடுவார். மிதவை ஆடி ஆடி ஒரு கோட்டில் நிற்கும். அந்தக் கோடுதான் அன்றைய கூலி.

மரத்துப் பாலில் பெரும்பங்கு தண்ணீர். நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பங்குதான் காய்ந்த ரப்பர், கூலி அதற்குத்தான். 20 கிலோ பாலுக்கு மிதவை 34 விழுக்காடு காட்டினால் 6.8 கிலோ. 31 காட்டினால் 6.2. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். விழுக்காடு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் கிராணி பேரேட்டில் எழுதி முடிப்பதற்குள் உதடு அசையும். “அரைக் கிலோவுக்கு மேல போச்சுப்பா” என்பார் என்னிடம், அடிக்குரலில். மழைக்கு மறுநாள் இப்படித்தான் ஆகும். மழை இல்லாத நாளிலும் சில சமயம் ஆனது. அது வேறு கதை.

விதி எல்லாருக்கும் தெரியும். ஒரு எண் சற்றே நகர்ந்தால் உடனே பலன் தெரியும். வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் மூச்சும் அந்த மிதவையில் இருக்கும். வீடியோ கேம் செய்பவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தேடுவதும் இந்த மூன்றைத்தான். கணிதத்தைக் கருவாகக் கொண்ட ஒரு பெரும்பொருட்செலவு வீடியோ கேம் வெற்றிபெறுமா என்ற கேள்வியை அந்த ஸ்டோர் வாசலிலிருந்து கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

பெரும்பொருட்செலவு என்றால் எவ்வளவு? விளையாட்டு நிறுவனங்கள் இதை வெளியில் சொல்வதில்லை. 2023இல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணங்களில் மறைத்திருந்த வரிகள் சரியாக மறையாமல் போனதால் ஓர் உண்மை கசிந்தது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ என்ற விளையாட்டுக்கு ஆன செலவு 22 கோடி டாலர். நம் பணத்தில் சுமார் 90 கோடி வெள்ளி. கடைக்காரர் பங்கு, தள்ளுபடி, வரி எல்லாம் போக ஒரு பிரதிக்கு 40 டாலர் கையில் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், போட்ட முதல் திரும்ப 55 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். அதுவும் விளம்பரச் செலவு சேராமல்.

கணிதத்துக்கு அத்தனை வாடிக்கையாளர் உண்டா? உண்டு என்று நம்பி ஒரு நிறுவனம் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. 1983இல் ‘மேத் பிளாஸ்டர்’, 1986இல் ‘நம்பர் மன்ச்சர்ஸ்’ என்று அமெரிக்கப் பள்ளிகளிலும் வீடுகளிலும் கணக்கு விளையாட்டுகள் புகுந்தன. பாடமும் பொழுதுபோக்கும் ஒரே தட்டில் என்று பெற்றோர் வாங்கிக் குவித்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் பார்பி பொம்மைக்குப் பேர்போன மேட்டல், இத்தகைய மென்பொருள்களைத் தயாரித்த லேர்னிங் கம்பெனியைச் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. ஒப்பந்தம் 1999இல் முடிந்தது. அடுத்த ஆண்டே கைமாற்றிவிட்டது; கையில் ரொக்கம் எதுவும் வாங்காமல், வருங்கால வருமானத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்ற நிபந்தனையோடு. நிறுவனத் தலைவர் ஜில் பாராட் பதவி விலகினார். அமெரிக்க வணிக வரலாற்றின் மோசமான கொள்முதல்களைப் பட்டியலிடுவோர் இதை விடுவதே இல்லை.

இலவச இணையத்தின் வருகை, வட்டுகளின் விலைச் சரிவு என்று இந்த வீழ்ச்சிக்குக் காரணம் பல சொல்வார்கள். என் கண்ணுக்குப் படுவது ஒன்று: விளையாடுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். பணம் கொடுக்கும் அப்பாவுக்குத் திரையில் 7 × 8 என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. விளையாடும் பிள்ளைக்கோ அதைப் பார்த்ததும் முகம் சுருங்கும். இருவரையும் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி, நம் நெடுஞ்சாலை டோல் சாவடிதான். வாள் வீசப் போகிறாயா, நில், ஒரு பெருக்கல். கதவைத் திறக்கப் போகிறாயா, நில், ஒரு பின்னம். கணக்கு அங்கே பயணத்தின் பகுதியாக இராது. பயணத்தை மறிக்கும் கம்பமாகத்தான் இருக்கும். டோல் கட்டிப் பழகியவன் சாலை போடக் கற்றுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த முறை இன்றும் சாகவில்லை. கனடாவின் ‘பிராடிஜி’ அதே டோல் முறையில் மந்திரவாதிச் சண்டையும் கணக்கும் கலந்து தருகிறது. 2021 ஜனவரியில் அந்நிறுவனம் முதலீட்டாளர்களிடம் 12.5 கோடி அமெரிக்க டாலர் திரட்டியது. அடுத்த மாதமே குழந்தை நல அமைப்புகள் அமெரிக்க வணிக ஆணையத்தில் முறையிட்டன: பள்ளிக்கு இலவசம் என்று சொல்லிவிட்டு, சந்தா கட்டிய பிள்ளைக்கு நல்ல பரிசுகளையும் கட்டாத பிள்ளைக்கு ஏக்கத்தையும் கொடுக்கிறது என்று. எங்கள் வட சிலாங்கூர் வகுப்பறைகளில் அந்தச் சந்தாவை எத்தனை பெற்றோர் கட்டுவார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்த முறையீட்டின் நியாயம் புரியும்.

வேறு வழியும் இருந்தது. நார்வேயில் கணக்கு வாத்தியாராக இருந்த ழான்-பாப்டிஸ்ட் ஹூய்ன், 2012இல் ‘டிராகன்பாக்ஸ்’ என்ற செயலியை வெளியிட்டார். திரையில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் சின்னப் பெட்டி. அதைச் சுற்றிப் பூச்சி, மீன், பல்லி என்று ஏதேதோ படச் சீட்டுகள். பெட்டியைத் தனியாக விட வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சச் சீட்டை அதன் இருட்டுச் சீட்டின்மேல் வைத்தால் இரண்டும் பச்சைச் சுழியாகும், தொட்டால் மறையும். ஒரு பக்கம் ஒரு சீட்டைச் சேர்த்தால் மறுபக்கமும் சேர்த்தே ஆக வேண்டும். பல கட்டங்கள் கடந்த பிறகு பூச்சி இருந்த இடத்தில் a வருகிறது, பெட்டி இருந்த இடத்தில் x வருகிறது. பிள்ளை அதைக் கவனிப்பதுகூட இல்லை. அதுவரை செய்ததெல்லாம் சமன்பாடு தீர்ப்பது.

இதில் டோல் இல்லை. கணிதமே சாலை. உலகமே கொண்டாடியது. ஆனால் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லாங், அலெவன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் மாணவர்களுக்கு டிராகன்பாக்ஸ், இன்னொரு கூட்டத்துக்குச் சுவாரசியமில்லாத ஒரு பயிற்சி மென்பொருள். டிராகன்பாக்ஸ் கூட்டம் அதிகம் ரசித்தது. அதிகப் புதிர்களையும் தீர்த்தது. பிறகு தாளில் சமன்பாடு கொடுத்தபோது, சலிப்போடு படித்த கூட்டமே முந்தியது. கையில் வந்த திறமை தாளுக்கு இறங்கவில்லை. 2019இல் டிராகன்பாக்ஸை நார்வேயின் கஹூட் நிறுவனம் வாங்கியபோது பேசிய விலை சுமார் 1.8 கோடி டாலர். மேட்டலின் 350 கோடிக்குப் பக்கத்தில் இது சில்லறை. ஆனால் இங்கே யாரும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தாளுக்கு இறங்காத திறமை எங்களுக்குப் புதிதல்ல. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் பிற்பகல் நேரங்களில் நடந்ததும் அதுதான்.

பல்லாங்குழிக்கு எங்களிடம் பலகை கிடையாது. மண்ணில் ஏழேழாக இரண்டு வரிசை குழி. சோழிக்கும் புளியங்கொட்டைக்கும் பதிலாக ரப்பர் கொட்டை. புள்ளி போட்ட, வழுவழுப்பான அந்தக் கொட்டையைக் கையில் உருட்டினாலே ஒரு சுகம். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் அதே ரப்பர் கொட்டையில் சொங்காக் ஆடுவார்கள். அவர்களுக்கு இரு முனையிலும் ‘வீடு’ என்று ஒரு பெரிய குழி உண்டு, நமக்கு இல்லை. நமக்கு ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது ‘பசு’, எடுத்துக்கொள்ளலாம்; அவர்களுக்கு அது இல்லை. எங்கள் பாட்டி சொங்காக்கைப் ‘பசு இல்லாத ஆட்டம்’ என்பார், ஏதோ பால் இல்லாத தேநீரைச் சொல்வதுபோல.

ஆட்டத்தின் உள்ளே இருப்பது என்ன? 14 குழி வட்டம். எடுத்த குழியையும் விடாமல் போட்டுக்கொண்டு போகும் வழக்கில், 17 கொட்டை உள்ள குழியை அள்ளினால் ஒரு முழுச் சுற்று முடிந்து மூன்றாம் குழியில் கடைசிக் கொட்டை விழும். 31 என்றாலும் அதே மூன்றாம் குழி. 14ஆல் வகுத்த மீதி. சொங்காக்கில் எதிராளியின் வீட்டைத் தவிர்த்துச் செல்வதால் வட்டம் 15 ஆகிறது. ஆகவே இரண்டும் ஆடிய பிள்ளைக்குத் தளம் மாறினால் மீதி மாறும் என்பதும் கைப்பழக்கமாகத் தெரியும். கணிதத் துறையில் மட்டு எண்கணிதம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம். எங்கள் லயத்தில் இதில் புலி என்று பெயரெடுத்த ஓர் அக்கா, பள்ளியில் வகுத்தல் வராமல் முட்டிபோட்டு நின்றவர்.

பல்லாங்குழியின் உறவான ஆப்பிரிக்க அவாரி ஆட்டத்தை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இருவர் 2002இல் கணினியில் முழுக்கத் தீர்த்தார்கள். 88,900 கோடிக்கு மேற்பட்ட நிலைகளையும் ஆராய்ந்து சொன்ன தீர்ப்பு: இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை. மண்ணில் தோண்டிய குழிகளுக்குள் அத்தனை கோடி நிலைகள். பட்ஜெட் பூஜ்யம்.

நம் மரபிலும் கணக்கை ரசமாகச் சொல்லும் ஆசை நீண்டது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற நூல், பலாக்காயின் காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியும் என்கிறது. எங்கள் கொல்லைப் பலாவில் ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. ஆனால் பொய்யான அந்தச் சூத்திரத்தைச் சோதிக்கவே நான் எண்ணிய முட்களின் எண்ணிக்கை, பள்ளியில் செய்த மொத்தக் கணக்கையும்விட அதிகம் இருக்கும்.

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். கணிதம் விற்காது என்பது பொய். 2005இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘பிரெய்ன் ஏஜ்’, கூட்டல், கழித்தல், பெருக்கல் போன்ற சிறு பயிற்சிகள்தான். ஜப்பானிய மூளையியல் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் முகம் திரையில் வந்து உன் மூளைக்கு இத்தனை வயது என்று சொல்லும். சிறு குழு சில மாதங்களில் செய்த விளையாட்டு, 1.9 கோடி பிரதிகள் விற்றது. வாங்கியவர்களில் பலர் மறதிக்குப் பயந்த பெரியவர்கள். விளையாடியவரும் அவரே, பணம் கொடுத்தவரும் அவரே. 2024இல் வந்த ‘பலாட்ரோ’ சீட்டாட்டம் ஓர் ஆள் உருவாக்கியது. ஒரு எண்ணைச் சேர்க்கலாமா, பெருக்கும் எண்ணைக் கூட்டலாமா என்று கணத்துக்குக் கணம் முடிவெடுக்க வைக்கும் ஆட்டம். ஓராண்டுக்குள் 50 லட்சம் பிரதி. அதை ஆடுபவனிடம் நீ செய்துகொண்டிருப்பது பெருக்கல் கணக்கு என்று சொன்னால் அடிக்க வருவான். ஜோனத்தன் பிளோ 2016இல் தந்த ‘த விட்னஸ்’, தீவு முழுக்கத் தருக்கப் புதிர். செலவு 60 லட்சம் டாலர் அளவில். முதல் வாரத்திலேயே 50 லட்சத்துக்கு மேல் வசூல்.

வென்றவை எல்லாம் சிறியவை அல்லது நடுத்தரம். எதிலும் ‘கணிதம்’ என்ற பெயர்ப்பலகை இல்லை, அல்லது பணம் கொடுப்பவரே ஆடினார். இங்கேதான் பெரும் முதலீட்டின் சிக்கல் இருக்கிறது. 22 கோடி டாலர் போடுபவர் 55 லட்சம் பேரைக் கூட்டியாக வேண்டும். ஆகவே யாரையும் அரை மணி நேரத்துக்குமேல் ஒரு புதிரில் திணறவிட மாட்டார். திணறல் இல்லாமல் கணிதம் இல்லை. பணம் பெருகப் பெருக விளையாட்டு இளகும். இளக இளகக் கணிதம் ஆவியாகும். கலைஞர்களும் நடிகர்களும் இசையும் சேர்த்துத் திரையை அழகாக்கலாம். ஆனால் மிதவை எந்தக் கோட்டில் நிற்கும் என்று மூச்சடக்கிப் பார்க்க வைப்பதற்கு அந்த அழகு தேவையே இல்லை.

அப்படியானால் இங்கே, எங்கள் வட சிலாங்கூரில், ஒரு நல்ல நடுத்தரக் கணித விளையாட்டுக்குக் கரு உண்டா? தலைக்குமேல் மின்னிக்கொண்டிருக்கிறது.

கம்போங் குவாந்தானில் இரவு எட்டு மணிக்குமேல் துடுப்புப் படகில் ஏறினால், சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். மரம் முழுக்க மின்மினி. விஞ்ஞானிகள் டெரோப்டிக்ஸ் டெனர் என்று பெயர் வைத்த இனம். உற்றுப் பார்த்தால் அவை ஒவ்வொன்றும் தன்போக்கில் மின்னவில்லை என்பது தெரியும். ஒரு மரத்துப் பூச்சிகள் ஒரே தாளத்தில் அணைந்து ஒளிர்கின்றன. தலைமைப் பூச்சி கிடையாது. வேலை ஏவும் மண்டோர் கிடையாது. படகோட்டி வெளிச்சம் அடிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். கைப்பேசி விளக்கு ஒன்று போதும், தாளம் தடுமாற.

இது எப்படி நடக்கிறது என்று நெடுங்காலம் யாருக்கும் விளங்கவில்லை. அறுபதுகளில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்தில் மின்மினிகளைப் பிடித்து, பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் விளக்கணைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சுவரில் ஒட்டிய பூச்சிகள் இரண்டிரண்டாக, மூன்றுமூன்றாகத் தாளம் சேர்ந்தன. 1990இல் ரெனாட்டோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் இதற்கு ஒரு மாதிரி கட்டி, தேற்றமாகவே நிறுவினார்கள்.

அதை விளக்க எங்கள் ஊர்ச் சாமான் ஒன்றே போதும். ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு மங்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பால் சொட்டுகிறது. விளிம்பு தொட்டதும் பூச்சி மின்னுகிறது, மங்கு காலியாகிறது, மறுபடி சொட்டு. பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்தால் இதன் மங்கில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். அவ்வளவே விதி. எல்லா மங்கும் ஒரே அளவு, எல்லாப் பூச்சியும் எல்லாவற்றையும் பார்க்கிறது என்றால், எந்த நிலையில் தொடங்கினாலும் ஏறத்தாழ எப்போதும் மொத்த மரமும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும் என்பது தேற்றம். ஒரு நிபந்தனை உண்டு: மங்கு நிரம்பும் வேகம் முதலில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதா? வெட்டியதும் பால் கொட்டும். நேரமாக ஆகச் சொட்டு மந்தமாகும். உண்மைப் பூச்சியின் நரம்பு இந்த மாதிரியைவிடச் சிக்கலானதுதான். ஆனால் இதய மின்துடிப்பு முதல் மின்கட்டமைப்பு வரை ஒத்திசைவு பற்றிய ஆராய்ச்சி இந்த வகை மாதிரிகளில்தான் வேரூன்றியிருக்கிறது.

இதை விளையாட்டாக்கிப் பாருங்கள். நீங்கள் ஒரு மின்மினி. இருண்ட ஆறு. பக்கத்துப் பூச்சி எப்போது மின்னுகிறது என்று பார்த்து உங்கள் மங்கை அவசரப்படுத்தலாம், தாமதப்படுத்தலாம். இருவர் சேர்ந்தால் நால்வர், நால்வர் சேர்ந்தால் ஒரு கிளை. பெரெம்பாங் மரத்தை வெட்டிய இடத்தில் கரையில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத் தாண்டித் தாளத்தைக் கடத்த வேண்டும். படகில் யாரோ விளக்கடிக்கிறார், எல்லாம் குலைகிறது, மறுபடி தொடங்கு. ஒரு எண்கூடத் திரையில் வராது. நிக்கி கேஸ் என்ற கனடியர் மின்மினி ஒத்திசைவை உலாவியில் ஓடும் ஒரு சின்னக் காட்சியாக ஏற்கெனவே செய்து இலவசமாக விட்டிருக்கிறார். அதைப் பத்து மணி நேர ஆட்டமாக வளர்க்கப் பத்துப் பன்னிரண்டு பேரும் இரண்டு மூன்று ஆண்டும் வேண்டும். 22 கோடி வேண்டாம்.

பகலில் பார்க்கவும் ஒன்று இருக்கிறது. ரப்பரை அழித்து வந்த செம்பனைமீது எனக்குப் பிரியம் கிடையாது. லயங்களைக் காலி செய்த மரம் அது. ஆனால் அதை நடும் முறையில் ஒரு தேற்றம் நிற்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் 9 மீட்டர் என்று வைத்து, சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு 123 மரம். சமமுக்கோணமாக நட்டால் 142. அதே இடைவெளி, 19 மரம் கூடுதல். வட்டங்களை ஒழுங்கு வரிசையில் அடுக்குவதற்கு இதைவிட நெருக்கமான வழி கிடையாது என்று 1773இல் லாக்ராஞ்ச் காட்டினார். ஒழுங்கில்லாத அடுக்கிலும் கிடையாது என்று 1940இல் ஹங்கேரியின் ஃபெயேஷ் டோட் முழுமையாக நிறுவினார். ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தால் வரிசைகள் மூன்று திசையில் திறந்து திறந்து மூடுமே, அது இதனால்தான். தோட்டத் துரைமார் கணித ரசிகர்கள் அல்லர். 19 மரத்துக் குலைக்கு விலை உண்டு.

செய்வதற்கு ஆள்? ஒரு மணி நேரப் பயணத்தில் கோலாலம்பூர். லெமன் ஸ்கை என்ற அங்குள்ள நிறுவனம் ‘ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட்’ போன்ற உலகப் பெயர் பெற்ற ஆட்டங்களுக்குக் காட்சி வேலை செய்துகொடுத்தது. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டசி 15’இல் பணியாற்றிய வான் ஹஸ்மர் நாடு திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கி, 2020இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ தந்தார். இசைத் தாளமே அதில் விதி. மின்மினித் தாளத்துக்கு அதிலிருந்து அதிகத் தூரமில்லை. 2025இல் உப்பின் இப்பின் கார்ட்டூன் கதைமாந்தரை வைத்துப் பெரிய அளவில் ஒரு விளையாட்டு வந்தபோது, விலை கேட்டுப் பெற்றோர் முணுமுணுத்ததும் நினைவிருக்கும். வாங்குபவரும் ஆடுபவரும் வேறாக இருக்கும் பழைய கதைதான்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய பட்ஜெட் விளையாட்டுகள் ஓடும் இயந்திரம் எங்கள் பக்கத்து வீடுகளில் இல்லை. இருப்பது அண்ணன் மாற்றியபோது தம்பிக்கு வந்த, மூலை உடைந்த கைப்பேசி. அதில் ஓடும் விளையாட்டு மொபைல் லெஜண்ட்ஸ். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது அதே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் படித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பேசியில் ஓடாத எந்தக் கணித விளையாட்டும் எங்களுக்கு உலக அதிசயம்போலத்தான், கேள்விப்படலாம்.

தேவை மட்டும் இருக்கிறது. அனைத்துலக டிம்ஸ் ஆய்வில் நம் படிவம் இரண்டு மாணவர்கள் 1999இல் கணிதத்தில் 519 புள்ளி எடுத்தார்கள். 2023இல் 411. இடையில் 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். 2009இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் இருமொழித் திட்டம் என்று வேறு கதவு வழியாக ஆங்கிலம் வந்தது. சரிவுக்கு மொழி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மீதி என்பதா ரிமைண்டர் என்பதா என்று ஆசிரியரே தடுமாறிய ஆண்டுகள் அவை. அந்தத் தடுமாற்றத்தைத் தமிழ்ப்பள்ளிக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

நாட்டின் ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளிலும் சேர்த்து மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இதை நம்பி யாரும் தமிழில் பெரிய விளையாட்டு செய்ய மாட்டார்கள். செய்யச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் கணிதமே விதியாக உள்ள ஆட்டத்துக்குச் சொல் அதிகம் தேவைப்படாது. சொங்காக் எந்த மொழியில் நடந்தது? மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் குழியைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். சொல் தேவைப்படுவது ஆட்டம் முடிந்த பிறகு. கையில் வந்தது தாளுக்கு இறங்கும் இடம் அதுதான். கார்னகி மெலன் சோதனை காட்டிய ஓட்டையும் அங்கேதான். அக்காவின் பல்லாங்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ இப்ப செஞ்சியே, அதுதாம்மா வகுத்தல்” என்று சொல்ல ஒரு வாத்தியார் இருந்திருந்தால் அவர் முட்டிபோட்டிருக்க மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தை எந்த மென்பொருளும் நம் பிள்ளைக்கு அதன் மொழியில், அதன் முகம் பார்த்து, சரியான நொடியில் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 22 கோடி டாலர் கணித விளையாட்டு வராது; வந்தால் தோற்கும். தோற்காவிட்டால் அதில் கணிதம் மிச்சமிருக்காது. அறுபது லட்சத்தில், அல்லது அதில் பத்தில் ஒரு பங்கில், மின்மினி மாதிரி ஒன்று வரலாம், வெல்லவும் வெல்லும். அதைக் கணித விளையாட்டு என்று விற்காமல் இருந்தால்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கணினி அறைக்கு நிதி திரட்டுவது பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பள்ளித் திடலின் ஓரத்தில் 14 குழி தோண்டுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை ஆடவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். செலவு ஒன்றும் ஆகாது. ரப்பர் கொட்டைக்கு மட்டும் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை இப்போது செம்பனைதான்.